கேளுங்கள் அண்ணாச்சியிடம்: டிமினிஷ்ட், டிமினியூஷன்

கேள்வி: எங்கள் சபைப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் தம்பி 'டிமினிஷ்ட் கார்டு' என்கிறான். பாட்டு வாத்தியார் ஒரு பாடலைக் காட்டி 'டிமினியூஷன்' என்கிறார். அகராதியில் இரண்டுமே குறைத்தல்தான். இரண்டும் ஒன்றா, அண்ணாச்சி?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தம்பி குறைப்பது தூரத்தை, வாத்தியார் குறைப்பது நேரத்தை.

கீபோர்டில் சி கட்டையை ச ஆக வைத்து ப வரை எண்ணுங்கள், கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து 7 படி. ப-வை அதற்கு முந்தைய கறுப்புக் கட்டைக்கு இறக்கினால் 6. அதுதான் டிமினிஷ்ட். நம் கர்நாடக சங்கீதக் கணக்கில் பிரதி மத்தியமத்தின் இடம். ச, சாதாரண காந்தாரம் (ச-விலிருந்து 3-ஆம் படி), இது மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தம்பியின் கார்டு வந்துவிடும். ஆனால் இறக்கியதெல்லாம் டிமினிஷ்ட் ஆகாது. ச, அந்தர காந்தாரம் (4-ஆம் படி), ப சேர்ந்த மேஜர் கார்டில் காந்தாரத்தை மட்டும் ஒரு படி இறக்கினால் மைனர் கார்டாகும், அவ்வளவுதான். கீபோர்டு கற்கிறவர்கள் இங்கேதான் குழம்புவார்கள்.

வாத்தியார் சொல்வது, மெட்டை மாற்றாமல் ஒவ்வொரு சுரத்தின் அளவையும் பாதியாக்குவது. பாட்டு படிக்கும் பிள்ளைகளுக்குப் பழகிய சங்கதிதான். சரளி வரிசையில் ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கைக்கு முதல் காலத்தில் 8 சுரம், இரண்டாம் காலத்தில் 16, மூன்றாம் காலத்தில் 32. தாளம் அதே வேகத்தில்தான் போக வேண்டும். தாளத்தையே விரட்டினால் அதற்குப் பெயர் அவசரம். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் இன்னும் ஒரு படி மேலே போனார். 1751-ல் அச்சான 'ஆர்ட் ஆஃப் ஃபியூக்' தொகுப்பின் 6, 7-ஆம் பகுதிகளைக் கேளுங்கள். ஒரு குரல் மெட்டை முழு அளவில் சொல்லி முடிக்குமுன் இன்னொன்று அதையே பாதி அளவில் தொடங்கிவிடும்.

இன்னொரு பழைய பொருளும் உண்டு. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியில், நீண்ட சுரம் ஒன்றைப் பொடிச் சுரங்களாக உடைத்து அலங்கரிப்பதையும் டிமினியூஷன் என்றார்கள். வெனிஸில் சில்வெஸ்ட்ரோ கனாசி 1535-ல் இதற்கென்றே புத்தகம் போட்டார். இங்கே மொத்த நேரம் குறையாது, சுரம்தான் பொடியாகும். காருகுறிச்சியார் நாகசுரத்தில் பிருகாக்கள் உதிர்வதைக் கேட்ட நம்மூர்க் காதுக்கு இது சட்டென்று பிடிபடும்.

உங்கள் பாட்டுத் தாளைப் பாருங்கள். பழைய மெட்டே வந்து கிராட்செட்டுகள் எல்லாம் அதில் பாதி நீளமுள்ள க்வேவர்களாகியிருந்தால் பாக் வழி. நீண்ட சுரம் இருந்த இடத்தில் புதுச் சுரங்கள் மொய்த்திருந்தால் கனாசி வழி.