பனிக்குள் விளையாடும் பேரன்மார்: அம்மம்மா அஞ்சவேண்டியது எதற்கு?

கேள்வி: கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் மகளின் வீட்டுக்கு இந்தக் கார்த்திகைக் கடைசியில் போகிறேன். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் 6 வயதும் 3 வயதுமான பேரன்மார் இருவரையும் நான்தான் பார்த்துக்கொள்ளவேண்டும். போன வருடம் வீடியோவில் பார்த்தபோது இரண்டு பேரும் பனிக்குள் உருண்டு, அதை அள்ளி வாயிலும் போட்டார்கள். பள்ளிக்கூடத்திலும் இடைவேளைக்கு வெளியேதான் விடுகிறார்களாம். மார்கழிப் பனிக்கே தலையைப் போர்த்துகிற எங்களுக்கு இது மனதுக்கு ஒப்பவில்லை. வெளியே விடலாமா? விட்டால் எப்படி உடுத்தி விடுவது? தடிமன், இருமலுக்கு இங்கிருந்து என்ன கொண்டுபோகலாம்?
— ஒரு அம்மம்மா, வட்டக்கச்சி, கிளிநொச்சி

பதில்: அம்மா, விடலாம், நாள்தோறும் விடத்தான் வேண்டும். அந்த வயதில் இரண்டு ஆண்பிள்ளைகளைக் கார்த்திகை முதல் பங்குனி வரை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது அவர்களாலும் இயலாது, உங்களாலும் இயலாது. உங்கள் அச்சத்தை நான் வீண் என்று சொல்லவரவில்லை. ஆனால், சரியாக உடுத்திய பிள்ளைக்குக் குளிர் செய்யும் கெடுதியைவிட, நனைந்த பிள்ளைக்கு ஈரம் செய்யும் கெடுதி மிகப் பெரிது. நீங்கள் கண்ணும் கருத்துமாக இருக்கவேண்டிய இடம் அதுதான்.

வன்னியில் மார்கழி, தை விடியற்காலையிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஸ்காபரோ அடங்கிய ரொறன்ரோவிலோ தை மாதச் சராசரியே மைனஸ் 4, 5 பாகை அளவில் இருக்கும். கடுங்குளிர் இரவுகளில் மைனஸ் 20 வரையும் போவதுண்டு. இந்த எண்களைக் கேட்டுப் பயந்துவிடவேண்டாம். மைனஸ் 10 பாகையில் பனி உலர்ந்த மாவாக இருப்பதால், பிள்ளை அதில் உருண்டாலும் தட்டிவிட்டால் உதிர்ந்துவிடும். பூச்சியத்தையொட்டிய நாளில்தான் அது பாதி நீராகிச் சேறுபோலக் கிடந்து, கையுறையையும் சப்பாத்தையும் ஊறவைத்துவிடும். "இண்டைக்குக் குளிர் குறைவுதானே" என்று நீங்கள் மனம் இளகி ஒரு உடுப்பைக் குறைக்க நினைக்கும் நாளே பிள்ளைகள் நடுங்கிக்கொண்டு உள்ளே வரும் நாள்.

ஈரம் இவ்வளவு கெடுதி செய்வதற்குக் காரணம் உண்டு. உடுப்பு சூடு தருவதில்லை. உடம்பின் சூட்டைத் தன் நூலிழைகளுக்கு இடையே உள்ள காற்றில் பிடித்து வைத்திருக்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால், அது காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகச் சூட்டைக் கடத்திவிடும். முற்றத்து மண்பானை, கசிந்து காய்வதனால் உள்ளேயுள்ள தண்ணீரைக் குளிர்விப்பதுபோல, வியர்வையில் நனைந்த பெனியனும் உலரும்போது பிள்ளையின் உடம்பிலிருந்தே சூட்டை எடுத்துக்கொள்ளும். ஆகவே, ஈரம் வெளியிலிருந்துதான் வரும் என்று எண்ணாதீர்கள். அளவுக்கு மிஞ்சிப் போர்த்தி ஓடவிட்ட பிள்ளை உள்ளிருந்தே நனையும். அன்பின் மிகுதியால் மூன்று சுவெற்றர் போட்டுவிடுகிற அம்மம்மாமார் பேரப்பிள்ளைகளை நடுங்கவைப்பது இப்படித்தான்.

உடுப்பு மூன்று அடுக்காக இருக்கவேண்டும். தோலை ஒட்டியிருப்பது கம்பளி அல்லது பொலியெஸ்ரர் கலந்த மெல்லிய உள்ளுடுப்பு. அதற்கு மேல் சூட்டைப் பிடித்துவைக்கும் தடித்த மேற்சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத பனி ஜக்கெற்றும் பனிக் காற்சட்டையும். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடப்பதால், பேரன்மாருக்கென்று கிளிநொச்சிச் சந்தையில் பருத்திப் பெனியன் வாங்கி அடுக்கியிருந்தால் அவற்றைக் கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கையுறையில் ஐந்து விரலும் பிரிந்திருப்பதைவிட நான்கு விரலும் ஒன்றாகக் கிடக்கும் வகையே சூடானது. ஒவ்வொருவருக்கும் இரண்டு சோடி வேண்டும், மூத்தவனின் இரண்டாவது சோடி அவனுடைய பள்ளிப் பையிலேயே இருக்கவேண்டும், எல்லாவற்றிலும் பெயர் எழுதப்பட்டிருக்கவேண்டும், ஏனென்றால் தொலைப்பார்கள். கழுத்துக்கு நீண்ட சால்வை வேண்டாம். விளையாட்டுத் திடலின் சறுக்குமரத்திலோ ஏறுகம்பியிலோ சிக்கிக் கழுத்தை இறுக்கிவிடும். தலைவழியாகப் போடும் கழுத்துப்பட்டியே போதும். சப்பாத்துக்குள் இரண்டு சோடி காலுறையைத் திணித்தால் இறுக்கத்தில் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். தடித்த ஒரு சோடியும் விரல் அசைக்க இடமுள்ள சப்பாத்துமே வேண்டும்.

உடுத்துவதற்கும் ஒரு வரிசை உண்டு. அதைத் தவறவிட்டால் முதல் கிழமையிலேயே அலுத்துப்போவீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னர் இருவரையும் சலம் கழிக்கவிடுங்கள். "வரவில்லை" என்று சின்னவன் சாதிப்பான். அதை நம்பி எல்லாம் பூட்டிக் கதவைத் திறந்ததும் அவனுக்கு வந்துவிடும், எல்லாவற்றையும் கழற்றுவதற்குள் காற்சட்டையும் நனைந்துவிடும். பிறகு பனிக் காற்சட்டை, அதன் பிறகு சப்பாத்து. காற்சட்டையின் விளிம்பு சப்பாத்துக்கு மேலே விழவேண்டும், உள்ளே செருகினால் பனி நேராகக் காலுக்குள் இறங்கும். அடுத்து ஜக்கெற், கழுத்துப்பட்டி, காதை மூடும் தொப்பி, கடைசியில் கையுறை. மூத்தவனை முதலில் உடுத்தி, சின்னவன் ஆயத்தமாகும்வரை நிற்கவைத்தால் அவன் வீட்டுச் சூட்டில் வியர்த்துவிடுவான். சின்னவனை முக்கால்வாசி உடுத்திய பின்னர் மூத்தவனைத் தானாக உடுத்தச் சொல்லுங்கள், ஆறு வயதுக்கு அது முடியும். வெளியே கால் மணி நேரம் ஆனதும் உங்கள் விரலைப் பிள்ளையின் பிடரியில் வைத்துப் பாருங்கள்: வெதுவெதுப்பாக உலர்ந்திருந்தால் சரி, வியர்த்திருந்தால் அடுத்த முறை ஒரு அடுக்கைக் குறையுங்கள், குளிர்ந்திருந்தால் உள்ளே கூட்டிச்செல்லுங்கள். கன்னமும் மூக்குநுனியும் குளிர்ந்திருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யவேண்டாம்.

எந்த அளவுக்கு மேல் விடக்கூடாது என்பதற்கு, வெப்பநிலையைப் பார்ப்பதைவிட, காற்றையும் சேர்த்து உடம்பு உணரும் குளிரைப் பாருங்கள். கனடிய வானிலை அறிவிப்பில் அதைத் தனி எண்ணாகவே சொல்வார்கள். அந்த எண் மைனஸ் 28 பாகைக்கும் மைனஸ் 39 பாகைக்கும் இடைப்பட்டால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துவிடக்கூடும். அந்த அளவை நெருங்கும் நாளில் பிள்ளைகளை வெளியே விடக்கூடாது. மற்ற நாள்களில் மூத்தவன் கூடுதல் நேரம் நிற்கலாம், இடையிடையே உள்ளே வந்து சூடேறினால் சரி. மூன்று வயதானவன் அரை மணிக்கு ஒருமுறை உள்ளே வந்து சூடேறிப் போகட்டும், ஏனென்றால் சிறிய உடம்பு விரைவாகச் சூட்டை இழக்கும், தனக்குக் குளிர்கிறது என்பதையும் அவன் சொல்லமாட்டான்.

தோல் உறைவதன் அடையாளத்தைப் பெரும்பாலும் வெள்ளைத்தோல் படங்களைக் காட்டியே விளக்குகிறார்கள். எங்கள் பிள்ளைகளின் மாநிறத்தில் அந்தப் படங்களில் காணும் சிவப்புத் தெரியாது. காது, மூக்கு, கன்னம், விரல் நுனிகளில் ஒரு இடம் மட்டும் வெளிறியோ சாம்பல் படிந்ததுபோலவோ மாறி, மெழுகுபோல விறைத்து, தொட்டாலும் உணர்வில்லாமல் இருக்கும். முதலில் நோகிறது என்று அழுத பிள்ளை பிறகு ஒன்றும் சொல்லாமல் விளையாடினால், குணமாகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். அந்த இடம் மரத்துப்போயிருக்கக்கூடும். உடனே உள்ளே கொண்டுவந்து, ஈர உடுப்பைக் கழற்றி, உங்கள் முழங்கை பொறுக்கும் இளஞ்சூடான தண்ணீரில், அதாவது 37 முதல் 39 பாகை அளவில், விரல்களை வைத்திருங்கள். தேய்க்கவோ, தைலம் பூசவோ, அடுப்பு அனலிலும் ஹீற்றரிலும் காட்டவோ கூடாது. உணர்வற்ற தோல் வெந்தாலும் பிள்ளைக்குத் தெரியாது. நிறமும் உணர்வும் திரும்பாவிட்டாலோ கொப்புளம் போட்டாலோ வைத்தியரிடம் போகவேண்டும். பிள்ளை கடுமையாக நடுங்கித் தள்ளாடினாலோ, சொல் குழறினாலோ, தூங்கி விழுந்தாலோ, மகளின் தொலைபேசியை எதிர்பார்த்திருக்காமல் 911 இலக்கத்தை அழையுங்கள். வீட்டு முகவரியைத் தமிழ் எழுத்தில் எழுதித் தொலைபேசி அருகே ஒட்டிவைப்பது நல்லது. பதற்றத்தில் இலக்கம் மறந்துபோகும்.

வாயில் அள்ளிப் போட்டதைக் கேட்டிருந்தீர்கள். புதிதாக விழுந்த வெண்பனியை ஒரு பிடி தின்பதால் ஒன்றும் ஆகாது. தெருவோரம் குவித்திருப்பதில் வீதிக்குத் தூவிய உப்பும் மண்ணும் வாகன அழுக்கும் கிடப்பதால் அதைத் தொடவிடக்கூடாது. அந்தக் குவியலில் குகை தோண்டி உள்ளே நுழைவதை எப்படியும் தடுத்துவிடுங்கள். ஆண்பிள்ளைகளுக்கு அதில் தீராத ஆசை, ஆனால் அது இடிந்து மூடினால் மூச்சுத்திணறும், பனி தள்ளும் வண்டிக்காரருக்கு உள்ளே பிள்ளை இருப்பதும் தெரியாது. இரும்புக் கம்பியில் நாக்கை வைத்து ஒட்டிக்கொண்டால் இழுக்கவேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல ஊற்றினால் விட்டுவிடும். இதையும் யாராவது ஒருவன் செய்துபார்ப்பான்.

தடிமன் வைரஸினால் வருவது. குளிர்காற்று மூக்கின் எதிர்ப்பைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்பதற்கு ஆய்வுகள் உண்டு. ஆயினும் வைரஸ் இல்லாத இடத்தில் பனியில் நின்றதனால் மட்டும் தடிமன் வராது. குளிர்காலத்தில் அது பெருகுவதற்கு முக்கிய காரணம், சாத்திய அறைகளில் பிள்ளைகள் நெருங்கி இருப்பதே. சிறுபிள்ளைக்கு ஆண்டில் ஆறு, எட்டு முறை தடிமன் வருவது வழமை. பெரும்பாலானவை அந்த நான்கைந்து மாதத்துக்குள் வருவதால், ஒன்று விட்டதும் மற்றது தொடங்குவதாகவே உங்களுக்குத் தோன்றும். அதற்காகப் பயந்து மருந்து கட்டிக்கொண்டு போகவேண்டாம். கடையில் விற்கும் இருமல், தடிமன் பாணிகளை 6 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று கனடியச் சுகாதாரத் திணைக்களமே அறிவுறுத்துகிறது. ஒரு வயது கடந்தவர்கள் என்பதால் இரவு இருமலுக்கு ஒரு சிறுகரண்டி தேன் கொடுக்கலாம். இஞ்சியும் மல்லியும் அவித்த தண்ணீரை ஆறவைத்துக் கொடுப்பதிலும் தவறில்லை. கோடாலித் தைலம் போன்ற கற்பூரம் கலந்தவற்றை மூக்கிலோ நெஞ்சிலோ பூசவேண்டாம். கற்பூரம் சிறிதளவு வாய்க்குள் போனாலும் சிறுபிள்ளைக்கு வலிப்பு வரக்கூடும், போத்தலைத் திறக்கும் வயதுதான் சின்னவனுக்கு. கொதிதண்ணீரில் ஆவி பிடிக்கவைப்பதை அறவே விட்டுவிடுங்கள். குழப்படிக்காரப் பிள்ளையின் மடியில் அந்தப் பாத்திரம் கவிழ்வதற்கு ஒரு நொடி போதும்.

உள்வீட்டுக் காற்று ஹீற்றரினால் மிகவும் வறண்டுபோவதால், தோல் சொரசொரப்பதும் மூக்கில் இரத்தம் வருவதும் அங்கே சாதாரணம். நீண்ட நேரச் சுடுநீர்க் குளிப்பு தோலை இன்னும் வறட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடத்துக்குள் முடித்து, ஈரம் ஒற்றியவுடன் வாசனையில்லாத கிறீம் பூசுங்கள். எண்ணெய் முழுக்கு வேண்டுமானால் வெளியே போகாத சனிக்கிழமை மாலையில் வையுங்கள். குளித்த தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுச்செல்வது நல்லது: சாத்திய வீட்டில் புகை பிள்ளைகளின் மூச்சுக்குக் கெடுதி, கூரையிலுள்ள புகை எச்சரிக்கைக் கருவியும் அலறும். மூக்கில் இரத்தம் வந்தால் தலையை அண்ணாத்தாமல், முன்னால் குனியவைத்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப்பிடியுங்கள்.

குளிர்காலத்தில் அங்கே வெயில் எறித்தாலும் தோலில் விற்றமின் டி உருவாகும் அளவுக்குக் கதிர் விழாது. கறுத்த தோலுக்கு அது இன்னும் அரிது. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளொன்றுக்கு 600 அலகு வேண்டும். கனடாவில் விற்கும் பசுப்பாலில் அதைச் சேர்த்தே விற்கிறார்கள் என்பதால், நாளுக்கு இரண்டு கோப்பைப் பால் கொடுத்து, மீதிக்குச் சொட்டுமருந்து தேவையா என்று மகளைத் தங்கள் வைத்தியரிடம் கேட்கச் சொல்லுங்கள். பால் 750 மில்லிலீற்றரை மிஞ்சினால் சோறு இறங்காது, இரும்புச்சத்தும் குறையும். குளிருக்கு இதமென்று பால்தேத்தண்ணி பழக்குவதும் அதே கெடுதியைச் செய்யும்.

காரில் கூட்டிச்செல்லும்போது தடித்த ஜக்கெற்றோடு பிள்ளை ஆசனத்தில் பட்டி பூட்டக்கூடாது. மோதினால் ஜக்கெற் அமுங்கி, பட்டி தளர்ந்து பிள்ளை வழுக்கிவிடும். ஜக்கெற்றைக் கழற்றி, பட்டியை உடம்போடு இறுக்கிப் பூட்டி, அதன் மேல் போர்த்துங்கள்.

ஒன்றைக் கேட்கவில்லை நீங்கள், ஆனால் காலையும் பிற்பகலும் மூத்தவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிச்செல்லப்போவது நீங்கள்தான். உருகிய பனி இரவில் உறைந்து, வெறும் தார்வீதிபோலத் தோன்றும் கண்ணாடிப் பனிக்கட்டியாகக் கிடக்கும். எங்கள் வயதுப் பெண்களின் இடுப்பெலும்பும் மணிக்கட்டும் உடைவது அதில்தான். கொழும்பில் குளிர்ச்சப்பாத்து வாங்கவேண்டாம். அங்கே போய், பனிக்கட்டியில் பிடிக்கும் அடி உள்ளதாக மகளிடம் வாங்கித்தரச் சொல்லுங்கள். சேலைக்கு மேல் ஜக்கெற் போடுவது போதாது, உள்ளே கம்பளிக் காற்சட்டை வேண்டும். மார்கழியில் மாலை ஐந்து மணிக்கு முன்னரே இருட்டிவிடுவதால், மூவருடைய ஜக்கெற்றிலும் ஒளி பட்டால் மின்னும் பட்டி இருக்கட்டும். மல்லி, மிளகாய்த்தூள் எதைக் கொண்டுபோனாலும் விமான நிலையச் சுங்கத்தில் உணவுப் பொருள் இருப்பதாக அறிவித்தே கொண்டுசெல்லுங்கள்.