சுவரொட்டியில் இல்லாத ஆண்

வணக்கம்.

போர், புரட்சி என்று ஒரு நாடு கொந்தளிக்கும்போதெல்லாம் சினிமாவும் பாட்டும் பெண்ணைத் திடீரென்று வீராங்கனை ஆக்கிவிடுகின்றன. எல்லாம் அடங்கியதும் அவள் பழையபடி அடுக்களைக்கே போகிறாள். வெகுஜனக் கலை பெண்ணுக்கு உண்மையிலேயே எதையாவது மாற்றியிருக்கிறதா, இல்லை ஆட்சியாளர்களின் ஊதுகுழல்தானா?

கே.

அன்புள்ள கே.,

ஊதுகுழல் என்பது பாதி சரி. ஆனால் நீங்கள் பெண்ணின் படத்தை மட்டும் பார்க்கிறீர்கள். அதே நேரத்தில் ஆணின் படம் மாறுகிறதா என்று பாருங்கள், அவள் ஏன் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது என்பது புரிந்துவிடும்.

கையை மடக்கிப் புஜம் காட்டும் அந்த அமெரிக்கப் பெண்ணின் சுவரொட்டி 1943ல் வெஸ்டிங்ஹவுஸ் தொழிற்சாலைகளுக்குள் கொஞ்ச நாள் ஒட்டப்பட்டதோடு சரி, பெண்ணியச் சின்னமாகப் புகழ்பெற்றது 1980களில்தான். போர்க்காலப் பிரச்சாரத்தில் பெண் விமானம் கட்டினாள், லேத் ஓட்டினாள், எல்லாம் போருக்குப் போன ஆண் திரும்பி வரும்வரை. வீட்டில் அவள் விட்டுவந்த வேலையை ஓர் ஆண் செய்வதாகக் காட்டும் சுவரொட்டி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அப்புறம் என்ன, 1947ல் பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் டியோர் ஒடுங்கிய இடுப்பையும் அகன்ற பாவாடையையும் கொண்டுவந்தார், உலகமே அதைப் புதுமை என்றது.

சீனாவின் கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் அரசே முன்மாதிரி என்று முன்வைத்த பாலே நடன நாடகம் ஒன்றில் அடிமைப் பெண் தப்பியோடித் துப்பாக்கி ஏந்துகிறாள், பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அவளுக்கு வழிகாட்டுகிற கட்சிப் பிரதிநிதி ஆண். அவள் அவனைப் போல ஆகலாம், அவன் எதுவும் ஆக வேண்டியதில்லை. சோவியத்திலும் இதே கதைதான், 1920ல் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கிய அரசு 1936ல் அதைத் தடை செய்தது, 1944ல் பத்துப் பிள்ளை பெற்று வளர்த்தவளுக்கு 'வீரத்தாய்' பட்டம் கொடுத்தது.

எனக்கு ஈரான்தான் இன்னும் முக்கியம். மன்னர் ஷாவை எதிர்த்த ஊர்வலங்களில் அதுவரை முக்காடு போடாத பெண்கள் பலர் எதிர்ப்பின் அடையாளமாகவே உடல் முழுக்க மூடும் சாதர் போட்டுக்கொண்டு வந்தார்கள். புரட்சி வென்ற சில வாரங்களில், 1979 மார்ச் 8 அன்று, கட்டாய ஹிஜாபை எதிர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் தெஹ்ரான் தெருவில் இறங்கியபோது, கூட நிற்க வேண்டிய இடதுசாரிகளில் பலர் 'இதற்கு இப்போது நேரமில்லை, முதலில் ஏகாதிபத்தியம்' என்கிற தொனியில் ஒதுங்கிக்கொண்டார்கள். மேடையில் பெண்ணின் தனிக்குரல் நின்றுபோனது. நாடே கொண்டாடிய பாடகி கூகூஷ் இருபது வருடம் பொதுவில் பாடவில்லை, 2000ல் வெளிநாடு போன பிறகுதான் மறுபடி மேடையேறினார்.

2022ல், ஹிஜாபைச் சரியாக அணியவில்லை என்று ஈரான் போலீஸ் பிடித்துப்போன இளம்பெண் மஹ்சா அமினி இறந்த பிறகு, தெருவில் ஆட, பயமில்லாமல் முத்தமிட என்று போராட்டத்துக்கான காரணங்களாக மக்கள் ட்விட்டரில் எழுதியதைக் கோர்த்துப் பாடியவர் ஷெர்வின் ஹாஜிபூர், ஓர் இளைஞர். சில நாளில் கைது. ஊதுகுழலை யாரும் கைது செய்ய மாட்டார்கள், கே. ஓர் ஆண் அதைத் தன் பிரச்சினையாகவே பாடினார் என்பதைத்தான் நான் மாற்றம் என்பேன். ஆண்களும் இருக்கும் அவையில் பெண் தனித்துப் பாட அங்கே தடை இருப்பதால் அந்த இடமும் புகழும் கடைசியில் ஓர் ஆணுக்கே கிடைத்தன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, அதற்கு என்னிடம் பதில் இல்லை.