நேரடிப் பொசிட்டிவ் தாளில் படம் கறுத்து வந்தால், டெவலப்பரில் இருந்து முன்கூட்டியே எடுத்துவிடலாமா?

வில்லைக்குப் பதிலாகச் சிறு துளையுள்ள ஊசித்துளைக் கமெராவில், நெகட்டிவ் இல்லாமல் நேரே படம் தரும் நேரடிப் பொசிட்டிவ் தாளில் எடுக்கும் படங்கள் கறுத்தே வருகின்றன என்றும், டெவலப்பரில் (படத்தை வெளிக்கொணரும் கரைசலில்) நேரத்தைக் குறைத்தால் சரியாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சரியாகாது. கமெராவுக்குள் விழுந்த ஒளி போதவில்லை; அதை டெவலப்பர் தட்டில் ஈடுசெய்ய முடியாது.

சாதாரணத் தாளில் ஒளி பட்ட இடம் கறுக்கும். இவ்வகைத் தாளின் பூச்சிலோ, தயாரிக்கும்போதே மூட்டம் (டெவலப்பரில் கறுக்கும் தன்மை) ஏற்றிவிடுகிறார்கள். ஒளியே காணாத தாளை டெவலப்பரில் இட்டால் அது முழுவதும் கறுத்துவிடும், கமெராவில் விழும் ஒளி அந்த மூட்டத்தை அழித்த இடங்கள் மட்டும் வெள்ளையாக எஞ்சும். எனவே கறுத்த படத்துக்கு மருந்து, துளையைக் கூடுதல் நேரம் திறந்து வைப்பதே. பாதியில் எடுத்தால் கறுப்பு முழுமையடையாமல் படம் அழுக்குச் சாம்பல் நிறத்தில் நின்றுவிடும். பெட்டியில் ஒளி கசிந்தாலும் வெள்ளைக் கீற்றுத்தான் விழும் என்பதால், கோளாறைத் தேடும்போது இதை மறந்துவிட வேண்டாம்.

இங்கிலாந்தில் தயாராகும் ஹார்மன் நேரடிப் பொசிட்டிவ் தாளின் வேகம், அதாவது ஒளியுணர்திறன், ஐஎஸ்ஓ 1 முதல் 3 வரைதான்; எண் குறையக் குறைய அதிக ஒளி வேண்டும். துளை எஃப் 200 அளவினதாயின் (தாளுக்கும் துளைக்கும் இடையிலான தூரம் துளை விட்டத்தின் 200 மடங்கு), கொழும்பின் உச்சி வெயிலில் 1 முதல் 2 நிமிடங்களில் தொடங்கிப் பாருங்கள்; முகில் மூடினால் அது பல மடங்காகும்.

டெவலப்பரைப் பொறுத்தவரை, வழமையான தாள் டெவலப்பரே போதும். 20 பாகை செல்சியசில் ஏறக்குறைய 2 நிமிடம், பிறகு நிறுத்தும் கரைசல், அதன்பின் படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்சர் கரைசல். நமது குழாய் நீரோ 28 பாகைக்குக் குறைவதே அரிது. ஐஸ்கட்டிகளைப் பொலித்தீன் பையில் கட்டி, தட்டு அமர்ந்திருக்கும் பெரிய பேசின் நீரில் மிதக்கவிடுங்கள். கரைசலுக்குள் நேரே போட்டால் அது நீர்த்துப்போகும். சரியாக 20 பாகைக்கு இறக்குவதைவிட, ஒவ்வொரு தாளுக்கும் வெப்பநிலை ஒன்றாக இருப்பதே முக்கியம் என்பது என் கருத்து. அப்போதுதான் இரண்டு படங்களுக்கிடையிலான வேறுபாடு திறந்து வைத்த நேரத்தால் வந்தது என்று உறுதியாகச் சொல்லலாம்.

இத்தாளில் கறுப்பு வெள்ளை முரண் மிகக் கடுமை. நண்பகலில் காலிமுகத்திடலை எடுத்தால் வானம் வெறும் வெள்ளையாகவும் நிழல்கள் மையாகவும் போய்விடும். கமெராவில் ஏற்றுமுன் தாள் முழுவதற்கும் மங்கிய ஒளியைச் சில கணங்கள் காட்டினால் நிழலுக்குள் விவரம் தெரியத் தொடங்கும். எவ்வளவு காட்டுவது என்பதை அறிய ஒரு துண்டுத் தாளில் படிப்படியாகக் கூட்டிப் பார்த்து, கறுப்பு இன்னும் கறுப்பாகவே நிற்கும் கடைசிப் படியைத் தேர்ந்துகொள்ளுங்கள். தாளைக் கையாளும் வேலைகளை எல்லாம் செய்வது இருட்டறையின் சிவப்பு விளக்கில்தான். சிவப்பை இத்தாள் ஏறக்குறையக் காண்பதேயில்லை. புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலின் செம்பட்டைகள் கறுத்து விழுவதும் அதனாலேயே; அதை டெவலப்பரின் குறையாக எண்ணிவிடாதீர்கள். கடைப் பெயர்ப்பலகைகள் இடவலம் மாறியிருப்பதும் இத்தாளின் இயல்பே.

நார்த்தாளாயின் (பிளாஸ்டிக் பூச்சில்லாத, நீரை உறிஞ்சும் தாள்) நீரை மாற்றி மாற்றி அரைமணி நேரத்துக்குக் குறையாமல் கழுவுங்கள். மழைக்காலத்தில் அது உலர்வதற்கு நேரமெடுக்கும், சுருளவும் செய்யும். இரண்டு தாள்களை முதுகோடு முதுகு சேர்த்து, நான்கு மூலையிலும் கிளிப் இட்டுத் தொங்கவிட்டால் பெரும்பாலும் நேராகவே காயும்.