பாக் நீரிணை ஓரம் ஆட்டம் வந்த வழி: விளையாட்டு ஒளிபரப்பு பற்றிய கேள்வி பதில்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. விளையாட்டுச் சேனல்களின் வரலாறு, தமிழ் வர்ணனை, டிஷ், ஆன்டெனா எல்லாம் கலந்து வந்திருக்கின்றன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

தங்கச்சிமடம்: அண்ணே, எங்க அப்பா காலத்துல சிலோன் ரூபவாஹினியிலதான் கிரிக்கெட் பார்த்தாங்களாம். மெட்ராஸ் தூரதர்ஷன் எடுக்காத இடத்துல சிலோன் எப்படி எடுத்துச்சு?

சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. ஆனால் தங்கச்சிமடத்துக்கும் அதற்கும் இடையே 400 கிலோமீட்டருக்கு மேல். ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15-இல் வந்தது. அதன் முக்கிய ஒளிபரப்பி இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகல உச்சியில், 2,524 மீட்டர் உயரத்தில் இருந்தது.

ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12-ஆல் பெருக்கினால் அலை நேராக எட்டும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். ஒளிபரப்பிக்கு ஒன்று, உங்கள் ஆன்டெனாவுக்கு ஒன்று, இரண்டையும் கூட்ட வேண்டும். பிதுருதலாகலவுக்கு 207, 15 மீட்டர் கம்பத்துக்கு 16, ஆக மொத்தம் 223. ராமேஸ்வரம் தீவோ ஏறக்குறைய 300 கிலோமீட்டரில் இருக்கிறது. மீதி 75 கிலோமீட்டரைக் கடந்து கொண்டுவந்தது கடல்தான். தண்ணீரை ஒட்டிய ஈரக் காற்றுக்கு மேல் உலர்ந்த சூடான காற்று படிந்து நிற்கும்போது, அலை அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டு குழாய்க்குள் ஓடுவதுபோல் பூமியின் வளைவோடு வரும். பங்குனி, சித்திரையில் கடல் ஓய்ந்து கிடக்கிற இரவுகளில் படம் கண்ணாடிபோல் இருந்ததும், கச்சான் பலமாக வீசும் ஆனி, ஆடியில் வெறும் புள்ளியாகப் போனதும் இதனால்தான். காற்று அந்த அடுக்கைக் கலைத்துவிடும்.

இன்னொரு வசதியும் இருந்தது. இரண்டு நாடுகளும் பால்-பி (PAL-B) என்ற ஒரே ஒளிபரப்பு முறையையே பயன்படுத்தியதால் இங்கே வாங்கிய டிவிப் பெட்டியே போதும். பூஸ்டரைக் கம்பத்தின் உச்சியில் ஆன்டெனா பக்கத்திலேயே கட்டியவர்களுக்குப் படம் வந்தது. டிவிக்குப் பின்னால் வைத்தவர்களுக்குக் கேபிளில் தேய்ந்துபோன சிக்னலோடு இரைச்சலும் சேர்ந்தே பெருகியது.

மண்டபம்: ராமேஸ்வரம் டவர் வந்ததும் இதெல்லாம் மாறிடுச்சா? ஏன் அவ்வளவு உயரம்?

323 மீட்டர். 1995-இல் கட்டி முடிக்கப்பட்டது. மலையே இல்லாத கடற்கரையில் மலைக்குப் பதிலாகக் கட்டிய கோபுரம் என்று வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன கணக்கில் போட்டால் கோபுரத்துக்கு 74, வீட்டு மாடியில் 10 மீட்டர் உயர ஆன்டெனாவுக்கு 13, மொத்தம் 87 கிலோமீட்டர். தொண்டி ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான், எளிதாக உள்ளே வரும். சாயல்குடி விளிம்புக்குச் சற்று வெளியே. எதிர்ப்பக்கம் யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட விளிம்பிலேயே இருக்கிறது.

அதற்கு முன் மாவட்டத்தின் உள்பகுதியில் கொடைக்கானல் ஒளிபரப்பியைத்தான் நம்ப வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து 175 கிலோமீட்டர். கணக்கில் எட்டும், ஆனால் அத்தனை தூரம் வந்து சேர்வதற்குள் சிக்னல் மெலிந்துவிடும். டவர் வந்த மறு வருடமே, 1996 மார்ச் 17 அன்று லாகூர் இறுதிப் போட்டியில் இலங்கை உலகக் கோப்பையை வென்றது. இந்தக் கரையில் அன்றைக்குக் கைதட்டல் இரண்டு பக்கமும் கேட்டிருக்கும்!

கீழக்கரை: காக்கா, சன் டிவி 1993-லேயே வந்துச்சு. தமிழ்ல விளையாட்டுச் சேனல் வர மட்டும் ஏன் இத்தனை வருஷம்?

நல்ல கேள்வி தம்பி. முதல் தடை சட்டம். 1993 ஹீரோ கோப்பை ஒளிபரப்பு உரிமையை வங்காளக் கிரிக்கெட் சங்கம் வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது. தூரதர்ஷனும் அரசும் எதிர்க்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1995 பிப்ரவரி 9 தீர்ப்பில், வான்வழி அலைகள் பொதுச் சொத்து, அரசுக்கும் தனி உரிமை கிடையாது என்று சொன்னார்கள். ஆட்டத்தைக் காசு கொடுத்து வாங்கி ஒளிபரப்பும் தொழிலுக்கு இந்தியாவில் உண்மையான தொடக்கம் அந்தத் தீர்ப்புதான் என்பேன். இஎஸ்பிஎன், ஸ்டார் ஸ்போர்ட்ஸ் எல்லாம் அதன் பிறகே இங்கே கால் ஊன்றின. தூரதர்ஷன் தன் விளையாட்டுச் சேனலை 1998 மார்ச் 18-இல் தொடங்கியது.

இரண்டாவது தடை கேபிள் அறைக்குள் இருந்தது. பழைய அனலாக் காலத்தில் ஒரு சேனலுக்கு ஒரு மாடுலேட்டர் (சேனலைக் கேபிளில் ஏற்றும் கருவி), அதில் ஒரே ஒரு ஒலி. செயற்கைக்கோளில் இரண்டு மொழி வந்தாலும் கேபிள்காரர் ஒன்றைத்தான் வீட்டுக்கு அனுப்ப முடியும். தமிழுக்கென்று தனிச் சேனல் போட்டாலோ, நெரிசலான அனலாக் வரிசையில் இன்னொரு சேனலின் இடத்தைப் பிடுங்க வேண்டும். செட்டாப் பாக்ஸ் வந்த பிறகுதான் இடம் கிடைத்தது.

மூன்றாவது, கணக்கு வழக்கு. ஒரே சேனலில் தமிழை இரண்டாவது ஒலியாக வைத்தால் தமிழ்நாட்டு விளம்பரத்தைத் தனியாக விற்க முடியாது, ஏனென்றால் படம் நாடு முழுக்க ஒன்றுதான். தனிச் சேனல் என்றால் ஓவர் இடைவெளியில் மதுரை ஜவுளிக்கடை விளம்பரம் போடலாம். 2014-இல் புரோ கபடி, 2016-இல் டிஎன்பிஎல் என்று இங்கே ஆள் சேர்க்கிற ஆட்டங்கள் கைக்கு வந்த பிறகு, 2017 மே 28-இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 தமிழ் வந்தது. அந்த ஆண்டேதான் தமிழ் தலைவாஸ் அணியும் கபடிக்குள் வந்தது. செப்டம்பரில் ஸ்டார் ஐந்தாண்டு ஐபிஎல் உரிமையை 16,347.5 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அவ்வளவு பணத்தைத் திருப்பி எடுக்க ஆங்கிலமும் இந்தியும் போதாது. தமிழ்ப் பற்றினால் வந்த சேனல் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள். 2021 ஜூனில் சோனி டென் 4 தமிழும் தெலுங்குமாக வந்ததற்குப் பின்னாலும் இதே கணக்குதான்.

பாம்பன்: தமிழ்ல வர்ணனை பண்றவங்க மைதானத்துலயா இருக்காங்க?

பெரும்பாலும் இல்லை. மைதானத்திலிருந்து வருவது வர்ணனை கலக்காத படமும், கூட்டச் சத்தமும் மட்டைச் சத்தமும் மட்டும் கொண்ட தனி ஒலியும். ஸ்டுடியோவில் திரையைப் பார்த்தபடி தமிழில் பேசி அதன் மேல் கலப்பார்கள். அதனால் கேமரா காட்டாததை அவர்களாலும் சொல்ல முடியாது. பந்து எல்லைக்கோடு பக்கம் போகும்போது பீல்டர் எங்கே நிற்கிறார் என்று சொல்லத் தடுமாறுவதைக் கவனித்தால் புரியும்.

வானொலியில் நிலைமை தலைகீழ். அப்துல் ஜப்பார் போன்றவர்கள் அகில இந்திய வானொலியில் மைதானத்தையே சொல்லால் வரைந்து காட்ட வேண்டியிருந்தது. காற்று எந்தப் பக்கம், பீல்டர் எத்தனை அடி தள்ளி என்பது வரை சொல்லாவிட்டால் கேட்பவருக்கு ஒன்றுமே தெரியாது. டிவியில் படமே பேசும். அதற்கு மேலும் விடாமல் பேசுவதுதான் இன்றைய தமிழ் வர்ணனையின் பெரிய குறை. ஸ்ரீகாந்த், பத்ரிநாத் மாதிரி ஆடியவர்கள் ஒரு பந்து ஏன் திரும்பியது என்று விளக்கும் இடங்கள்தான் காதில் நிற்கின்றன.

சாயல்குடி: இந்தியா ஆடுற மேட்ச் பக்கத்து வீட்டு ஃப்ரீ டிஷ்ல டிடி ஸ்போர்ட்ஸ்ல ஓடுது. எங்க வீட்டு கேபிள்ல அதே சேனல்ல வேற என்னமோ ஓடுது. கேபிள்காரர் ஏமாத்துறாரா?

அவர் மேல் தப்பில்லை. 2007-இல் வந்த சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் உள்ளதென்று அறிவிக்கப்பட்ட ஆட்டங்களின் சிக்னலை, உரிமை வைத்திருக்கும் தனியார் சேனல் விளம்பரமில்லாமல், தூரதர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்குத் தர வேண்டும். வரும் விளம்பர வருமானத்தில் 75 பங்கு உரிமையாளருக்கு, 25 பங்கு பிரசார் பாரதிக்கு. ஆனால் கேபிளும் டிடி சேனலைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்பதால் காசு கொடுத்து வாங்கிய ஆட்டம் எல்லா வீட்டுக்கும் இலவசமாகப் போனது. தனியார் சேனல்கள் வழக்குப் போட, 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது: பகிர்ந்து வாங்கிய ஆட்டம் தூரதர்ஷனின் தரைவழி ஒளிபரப்பிலும் அதன் சொந்த இலவச டிஷ்ஷான ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான். அதனால் கேபிளுக்குப் போகும் டிடியில் அந்த நேரம் வேறு நிகழ்ச்சி ஓடும்.

ஐபிஎல் அந்தப் பட்டியலில் இல்லை. ஃப்ரீ டிஷ் வாங்கி ஐபிஎல் வரவில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

ஏர்வாடி: ஃப்ரீ டிஷ் நானே மாட்டினேன். சிக்னல் 80 காட்டுது, குவாலிட்டி சைபர். என்ன தப்பு?

பெட்டியில் 'சிக்னல்' என்று காட்டுவது, டிஷ்ஷின் முன்னால் நீட்டிய கையில் சிக்னலைப் பிடிக்கும் கருவியான எல்என்பிக்கு மின்சாரம் போகிறது என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் சொல்லாது. குவாலிட்டியை மட்டும் பாருங்கள்.

செயற்கைக்கோள் ஜிசாட்-15, கிழக்கு 93.5 பாகை. உங்கள் கரையிலிருந்து திசை 122 பாகை, அதாவது கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் இடையில், தென்கிழக்கை ஒட்டி. ஏற்றம் 70 பாகை, கிட்டத்தட்டத் தலைக்கு மேல். ஆஃப்செட் டிஷ் (எல்என்பி நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கம் தள்ளி இருக்கும் தட்டு) பார்வைக்கு அவ்வளவு மேல்நோக்கித் தெரியாது. தட்டின் அமைப்பே இருபத்துச் சொச்சம் பாகையை விழுங்கிவிடும். அதனால் பின்பக்க அளவுகோலில் உள்ள எண்ணைப் பார்த்து வையுங்கள், கண்ணை நம்பாதீர்கள். கம்பம் துளிகூடச் சாயாமல் நிற்க வேண்டும். கம்பம் சாய்ந்தால் அளவுகோல் பொய் சொல்லும்.

பலரும் கோட்டைவிடுவது எல்என்பியின் திருப்பத்தில். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் போகப் போக அதை அதிகம் திருப்ப வேண்டும். டெல்லியில் சுமார் 27 பாகை என்றால் இங்கே கணக்குப்படி 57. டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தபடி, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். அங்கே வைத்துவிட்டு, இருபுறமும் பத்துப் பாகை மெதுவாக நகர்த்திக் குவாலிட்டி எங்கே உச்சமோ அங்கே இறுக்குங்கள். டிஷ்ஷை நகர்த்தும்போது ஒவ்வொரு தடவையும் மூன்று நான்கு விநாடி நிறுத்துங்கள். பெட்டி பூட்டிக்கொள்ள அவ்வளவு நேரம் எடுக்கும்.

கடற்கரையில் அடுத்த எதிரி உப்பு. எல்என்பியில் கேபிள் சேரும் கனெக்டரில்தான் முதலில் பச்சை பூக்கும். ஆர்ஜி-6 கேபிளில் நடுக்கம்பி முழுத் தாமிரமாக உள்ளதை வாங்குங்கள். தாமிரம் பூசிய இரும்பு, பூச்சு போன இடத்தில் துருப்பிடிக்கும். கனெக்டர் மேல் ரப்பர் உறை போட்டு, நீட்டிச் சுற்றினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். மேலிருந்து சுற்றினால் மழைத்தண்ணீர் அடுக்குக்குள் இறங்கும். எல்என்பிக்குக் கீழே கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிடுங்கள், சொட்டுத் தண்ணீர் அங்கேயே விழுந்துவிடும்.

இன்னொன்று. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள் காலை 11 மணி வாக்கில் படம் சில நிமிடம் உறையும். சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வருவதுதான் காரணம். டிஷ்ஷைத் தொடாதீர்கள், தானாகச் சரியாகும்.

தேவிபட்டினம்: எங்க ஊர் கபடிப் போட்டியை நாங்களே நேரலையா போடணும். என்னென்ன வேணும் சார்?

இரண்டு கேமரா போதும். ஆடுகளம் 13-க்கு 10 மீட்டர். முதல் கேமரா நடுக்கோட்டுக்கு நேராகப் பக்கவாட்டில், 4 முதல் 5 மீட்டர் உயர மேடையில். தரையில் வைத்தால் முன்னால் நிற்கிற தடுப்பாட்டக்காரர் முதுகுதான் தெரியும். இரண்டாவதைப் போனஸ் கோட்டின் நீட்சியில், தாழ வையுங்கள். நடுக்கோட்டிலிருந்து 4.75 மீட்டர். சண்டை வருவதே போனஸ் புள்ளிக்குத்தான். கோட்டுக்கு நேராகப் பார்த்தால் பின்கால் தூக்கியிருந்ததா என்று தெரிந்துவிடும்.

இரவு ஆட்டம் என்றால் கேமராவின் ஷட்டர் வேகத்தை விநாடியில் 50-இல் ஒன்று அல்லது 100-இல் ஒன்று என்று வையுங்கள். நம் மின்சாரம் 50 சுழற்சி. 60-இல் ஒன்று வைத்தால் விளக்குகள் திரையில் வரிவரியாகத் துடிக்கும். கடல்காற்றுக்கு மைக் மேல் மயிர்ப்பஞ்சு உறை போடுங்கள், வெறும் ஸ்பாஞ்சு தாங்காது.

அனுப்புவதற்கு 720 வரிப் படம், விநாடிக்கு 3 மெகாபிட். மணிக்கு ஏறக்குறைய 1.35 ஜிபி ஆகும். அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 6 மெகாபிட் அப்லோடு இருக்க வேண்டும். மதியம் காலித் திடலில் சோதித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று நம்புவதுதான் பெரிய பிழை. இரவில் ஆயிரம் பேர் கையில் போனோடு வந்து நின்றதும் அந்த டவர் மூச்சுத் திணறும். பக்கத்து வீட்டு ஃபைபர் இணைப்பிலிருந்து கம்பி இழுத்துவிடுங்கள். இடைவேளையில் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டும் போடாதீர்கள். காப்புரிமை என்று தானியங்கியே நேரலையை நிறுத்திவிடும், அதுவும் சரியாக இறுதிப் போட்டியில்.

கேபிளிலும் காட்ட வேண்டுமென்றால், எம்எஸ்ஓ (உள்ளூர்க் கேபிள்காரர்களுக்குச் சேனல்களை அனுப்பும் பெரிய கேபிள் நிறுவனம்) தன் சொந்த உள்ளூர்ச் சேனலில் போடலாம். 2022 நவம்பர் வழிகாட்டுதல்படி அத்தகைய சேனலுக்கு ஒருமுறை 1,000 ரூபாய் கட்டி ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். மொத்தக் கொள்ளளவில் 5 சதவீதத்துக்கு மேல் இப்படி வைத்துக்கொள்ள முடியாது.

தொண்டி: விசைப்படகுல டிஷ் மாட்டி மேட்ச் பார்க்க முடியுமா அண்ணே?

முடியாது. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை 3 பாகைதான். படகு ஒரு அலைக்கு அதைவிட அதிகம் ஆடும். தானே திரும்பிக்கொள்ளும் கடல் டிஷ் இருக்கிறது, ஆனால் அந்த விலை கட்டுப்படியாகாது. செல்போன் என்றால் 40 மீட்டர் டவரும் உங்கள் தலை 3 மீட்டர் உயரமும் சேர்ந்து 33 கிலோமீட்டர் வரை கணக்கு. கச்சத்தீவுப் பக்கம் போகும்போது போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லாவிட்டால் ஒரு ஓவர் பார்த்ததற்கு ஒரு மாத ரீசார்ஜ் போய்விடும்.