கவனித்துச் சாப்பிட 8,000 ரூபாய் எதற்கு?

கேள்வி: கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். வயது 43. துணிக்கடையில் வேலை. மதியம் பத்து நிமிடத்தில் சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்துவிட்டு மறுபடி நிற்கப் போக வேண்டும். இரவு பத்து மணிக்கு வீடு திரும்பி டிவி முன் தட்டோடு உட்கார்ந்தால் எவ்வளவு சாப்பிட்டேன் என்றே தெரிவதில்லை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்திருக்கிறது. புதுச்சேரியில் ‘கவனித்து உண்ணும் பயிற்சி’ என்று ஒரு வகுப்பு நடத்துகிறார்கள். கட்டணம் 8,000 ரூபாய். அவர்கள் தரும் சத்துப் பவுடரையும் வாங்க வேண்டுமாம். சேரலாமா? இன்சுலின் போட்டுக்கொள்ளும் என் அம்மாவையும் (வயது 68) அழைத்துச் செல்லலாமா?

பதில்: சேர வேண்டாம். அம்மாவை அழைத்துச் செல்லவே வேண்டாம்.

முதலில் உங்கள் எண். 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. பழக்கத்தை மாற்றினால் திரும்பி வர வாய்ப்புள்ள இடம் அது. போதும் என்ற சேதி வயிற்றிலிருந்தும் குடலிலிருந்தும் மூளைக்கு முழுமையாகப் போய்ச் சேர ஏறத்தாழ இருபது நிமிடம் பிடிக்கும். நீங்கள் பத்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்தால், சேதி வருவதற்குள் அடுத்த கரண்டிச் சோறு விழுந்திருக்கும்.

1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சியில், ஓர் உலர்திராட்சையைக் கையில் வைத்துப் பார்த்து, முகர்ந்து, மெல்ல மென்று தின்னச் சொல்வார்கள். நல்ல பயிற்சிதான். ஆனால் முதுநகரில் வசிப்பவருக்கு அதைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? காரப்பொடி மீன் குழம்பு வைத்த அன்று எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். விரல் நுனியால் சதையை நெருடி, முள்ளைத் தனியே எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி, நாக்கால் ஒருமுறை துழாவிப் பார்த்து, பிறகுதான் விழுங்குகிறீர்கள். கண் டிவிக்குப் போவதில்லை. போனால் தொண்டையில் முள். அதே கை சாம்பார் சோற்றை மட்டும் அள்ளி அள்ளிப் போடுகிறது. மீனுக்குக் கொடுக்கும் கவனத்தைச் சோற்றுக்கும் கொடுங்கள். இந்தப் பயிற்சியில் அதற்கு மேல் ரகசியம் எதுவும் இல்லை.

இரவுச் சாப்பாட்டிலிருந்து மட்டும் தொடங்குங்கள். டிவி தெரியாத இடத்தில் உட்காருங்கள். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். சோற்றுக் குண்டானைப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்காதீர்கள். அடுக்களையிலேயே தட்டில் போட்டுக்கொண்டு மூடிவிடுங்கள். காயும் கூட்டும் முதலில், சோறு பிறகு. சாம்பார் சோறு முடிந்ததும் கையை எடுத்து ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். அதன் பிறகும் பசித்தால் ரசம் சோறு. ஒரு வாய்க்கு முப்பத்திரண்டு முறை மெல்ல வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். எண்ணிக்கையில் மனம் போனால் சாப்பாட்டில் போகாது.

இன்னொன்று, இதைத்தான் யாரும் கேட்பதில்லை. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவர் இரவு பத்து மணி வரை தேநீரையும் பிஸ்கட்டையும் வைத்து ஒப்பேற்றினால், எந்த மனக்கட்டுப்பாடும் நிற்காது. மாலை ஐந்தரைக்கு ஒரு கிண்ணம் சுண்டலோ வேர்க்கடலையோ சாப்பிடுங்கள். இரவின் வேகம் பாதி அங்கேயே குறையும்.

இப்போது அந்தப் பவுடர். வாசகர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, இருந்தாலும் சொல்கிறேன். வகுப்பு என்று அழைப்பார்கள், எடை பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், கடைசியில் டப்பாவை நீட்டுவார்கள். அடுத்த மாதம் நீங்களே நான்கு பேரைச் சேர்த்துவிட்டால் தள்ளுபடி என்பார்கள். அரசு அங்கீகாரம் என்று டப்பாவில் காட்டும் 14 இலக்க எண், உணவு வணிகம் செய்வதற்கான உரிமம் மட்டுமே. சர்க்கரை குறையும் என்று எந்த அதிகாரியும் அதில் கையெழுத்திடவில்லை. கவனித்து உண்ணும் பழக்கம், மனக்கவலையில் சாப்பிடுவதையும் நிறுத்த முடியாமல் சாப்பிடுவதையும் குறைக்கிறது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. எடை குறைவதைப் பற்றி அவை ஒன்றுபோல் சொல்லவில்லை. மாதம் இத்தனை கிலோ என்று உறுதி தருபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அம்மாவின் விஷயத்தைப் பொறுமையாகப் படியுங்கள். ‘பசித்தால் மட்டும் சாப்பிடுங்கள்’ என்பது இத்தகைய வகுப்புகளில் முதல் பாடம். இன்சுலின் போட்டவருக்கு அது ஆபத்து. ஊசி உள்ளே போய்விட்டது; அது பசிக்காகக் காத்திருக்காது. மருத்துவர் சொன்ன நேரத்தில், வழக்கமான அளவில் சாப்பாடு உள்ளே போயாக வேண்டும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே விதிதான். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் தெரிந்தால் விரலில் குத்திப் பார்க்கும் கருவியில் சர்க்கரை அளவைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். கருவி கையில் இல்லையென்றால் காத்திருக்காமல் கொடுத்துவிடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. தேறியதும் சாப்பிட வையுங்கள். நினைவிழந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். அம்மா டிவியை அணைத்துவிட்டு நிதானமாகச் சாப்பிடலாம், அது நல்லது. நேரத்தைத் தள்ளிப்போடுவதும், சோற்றைத் தானாகக் குறைப்பதும், ஊசி அளவைத் தானாக மாற்றுவதும் கூடாது. இப்படிக் குறைந்த சர்க்கரையோடு வருகிறவர்களைப் பார்த்த பிறகுதான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

மதியப் பத்து நிமிடத்துக்கு உங்களை நான் குறை சொல்ல மாட்டேன். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வு என்று சொல்லிவிட்டது. 2021-ல் திருத்தம் கொண்டுவந்து ஊழியர் உட்கார இருக்கை வேண்டும் என்றார்கள். சட்டம் உட்காரச் சொல்கிறது. உங்கள் கடையில் பத்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு மறுபடி நிற்கப் போகிறீர்கள். மருத்துவமனைக்குப் போனால் ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், புரோக்கோலி என்று அச்சடித்த தாளைக் கையில் திணித்து, இரண்டு நிமிடத்தில் அடுத்தவரைக் கூப்பிடுகிறார்கள். எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய், எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் பவுடர் வியாபாரி நாற்காலி போட்டு உட்காருகிறார்; அவராவது அரை மணி நேரம் பேசுகிறாரே என்று மக்கள் போகிறார்கள்.

கடையில் சக ஊழியர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து, முறை வைத்து அரை மணி நேரமாவது உட்கார்ந்து சாப்பிட உரிமையாளரிடம் கேளுங்கள். மூன்று மாதம் கழித்து இதே பரிசோதனையைச் செய்யுங்கள். அதற்கு முந்தைய வாரம் நீங்கள் சாப்பிட்ட நேரங்களையும், அம்மாவின் ஊசி நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, இரண்டு அறிக்கைகளோடு மருத்துவரிடம் கொடுங்கள். அவர் கேட்காவிட்டாலும் கொடுங்கள்.