சொந்தப் பாட்டையே பாடுங்கள்

வணக்கம் அண்ணா,

கிட்டார் வாசித்துக்கொண்டு நானே எழுதிய தமிழ்ப் பாட்டுகளைப் பாடுகிறேன். போன வாரம் கோலாலம்பூரில், பங்சாரில் ஒரு கஃபேயில் ஓப்பன் மைக், யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பாடலாம். எனக்கு முன்னால் பாடிய பையன் இளையராஜா பாட்டு எடுத்தான், கூட்டமே சேர்ந்து பாடியது. நான் இரண்டு பாட்டு பாடினேன், முதல் பாட்டு முடிவதற்குள் பாதிப் பேர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நண்பர்கள் சினிமாப் பாட்டுக்கு மாறச் சொல்கிறார்கள். மாறிவிடவா? பதிவை இணைத்திருக்கிறேன்.

க., செந்தூல்

அன்புள்ள க.,

மாறாதீர்கள். அந்தப் பையன் மைக்கைத் தொடும் முன்பே அவன் பாட்டு எல்லார் மனதிலும் இருந்தது. உங்கள் பாட்டை அவர்கள் காப்பி மெஷின் சத்தத்துக்கு நடுவில் முதல்முறையாக, ஒரே ஒருமுறை கேட்கிறார்கள். அந்த ஒருமுறையிலேயே பாட்டு போய்ச் சேர வேண்டும், அதற்கு நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

பதிவைக் கேட்டேன், குரல் நன்றாக இருக்கிறது. ஆனால் பல்லவி வரவே ஒன்றரை நிமிடம் ஆகிறது! ஆங்கில பாப் பாட்டுகளைப் போல இரண்டு பத்தி பாடிவிட்டு அப்புறம் பல்லவிக்கு வருகிறீர்கள். நம் பாட்டில் பல்லவிதானே முதலில் வரும், கேட்கிறவர் காதும் அதற்குத்தான் பழகியிருக்கிறது. கிட்டாரில் கார்டுகளை (chords) ஒரு சுற்று வாசித்துவிட்டு நேரே பல்லவியில் இறங்கிவிடுங்கள்.

அப்புறம் குறில் நெடில். "மலையில் மழை" என்று எழுதிவிட்டு அந்த முதல் 'ம'வை நாலு பீட்டுக்கு இழுக்கிறீர்கள், எனக்கு "மாலையில் மழை" என்றுதான் கேட்டது. அடுத்த வரியில் பாறை வந்ததும் குழம்பிப்போனேன். மெட்டு நீளும் இடத்தில் நெடில் விழுகிற மாதிரி எழுதுங்கள். இன்னொன்று, கார்டு மாற்றும்போது இடது கையைப் பார்க்கக் குனிகிறீர்களா? வாய் மைக்கை விட்டு விலகுகிறது போல, வரியின் கடைசிச் சொல் ஒவ்வொரு தடவையும் காணாமல் போகிறது. பார்க்காமல் மாற்றப் பழகுங்கள், கம்பிகளை மீட்டும் ஸ்ட்ரம்மிங் சத்தத்தையும் கொஞ்சம் குறையுங்கள்.

நம்மூர் ராப் பாடகர் யோகி பி கூட இளையராஜாவின் 'மடை திறந்து' பாட்டை எடுத்துத்தானே பெரிய ஆளானார் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். எடுத்தார்கள், சரிதான். ஆனால் 2006இல் வந்த 'வல்லவன்' ஆல்பத்தில் அந்தப் பாட்டுக்குள் யோகி பியும் அவரோடு பாடிய நட்சத்திரா குழுவும் தங்கள் சொந்த ராப் வரிகளை வைத்தார்கள். தமிழ்நாடு வரைக்கும் போனது அந்தக் கோலாலம்பூர்த் தமிழ்தான். அதை மட்டும் நண்பர்களிடம் சொல்லுங்கள்.

அடுத்த ஓப்பன் மைக்கில் புதுப் பாட்டு எதுவும் எடுக்காதீர்கள், திருத்திய இதே இரண்டையும் அதே கஃபேயில் பாடுங்கள். வழக்கமாக வருகிறவர்கள் சிலருக்காவது அது இரண்டாவது தடவையாக இருக்கும். தேதியைச் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.