‘நக்கும் அழுதும்’ என்பதை மாற்ற வேண்டுமா? நாவும் உப்பும் சார்ந்த சில சொற்களின் பழம்பொருள்

கேள்வி: நான் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாகப் பணியாற்றுகிறேன். ஆண்டு விழாவுக்காகத் திருவாசகப் பாடல் ஒன்றை மாணவர்களுக்குப் பயிற்றுவித்து வருகிறேன். ‘நக்கும் அழுதும் தொழுதும் வாழ்த்தி’ என்ற அடி வந்தவுடன் வகுப்பே சிரிப்பில் மூழ்கிவிடுகிறது. அந்தச் சொல்லை மட்டும் மாற்றிப் பாடச் செய்யலாமா? அதே விழாவுக்குச் சோழர் காலத்து நாடகம் ஒன்றும் எழுதியுள்ளேன். அதில் ஒரு வீரன், ‘தங்கள் உப்பைத் தின்றவன் நான்’ என்றும், ‘சம்பளம் என்பதே சம்பா நெல்லும் அளத்து உப்பும்தான்’ என்றும் பேசுகிறான். இவை பொருந்துமா?

பதில்: மாற்ற வேண்டாம். தங்கள் மாணவர்கள் தம்மை அறியாமலேயே அந்த அடியின் பொருளைச் செய்து காட்டிக்கொண்டிருக்கிறார்கள். திருவாசகத்தின் ஒரு பகுதியான புணர்ச்சிப் பத்தில் வரும் ‘நக்கும்’ என்ற சொல்லுக்குச் ‘சிரித்தும்’ என்பதே பொருள். சிரித்தும் அழுதும் தொழுதும் வாழ்த்தி, பலவகையால் கூத்தாடி இறைவனை அடையும் நாள் எப்போது என்று மாணிக்கவாசகர் ஏங்குகிறார். இதில் நாவுக்கு வேலை இல்லை.

குழப்பம் எங்கே பிறக்கிறது என்பதை இலக்கணத்தைக் கொண்டே விளக்கிவிடலாம். ‘நகு’ என்பது சிரித்தலைக் குறிக்கும் பழைய வினை; ‘நகை’, ‘புன்னகை’, ‘நகைச்சுவை’ எல்லாம் அதன் வழிவந்தவை. குறிலை அடுத்துக் ‘கு’ வரும் இத்தகைய சிறிய வினைகள் சில, இறந்தகாலம் காட்டும்போது அந்தக் ககரத்தை இரட்டித்துக்கொள்ளும். ‘புகு’ என்பது ‘புக்கு’ என்றும், ‘நெகு’ என்பது ‘நெக்கு’ என்றும், ‘மிகு’ என்பது ‘மிக்க’ என்றும், ‘தகு’ என்பது ‘தக்க’ என்றும் ஆவதைப் போலவே ‘நகு’ என்பது ‘நக்கு’ ஆகிறது. நாவால் தடவுவதைக் குறிக்கும் ‘நக்கு’ என்ற வினையோ ‘நக்கி’, ‘நக்கினான்’, ‘நக்கிய’ என்றுதான் இறந்தகாலம் காட்டும். எனவே பழைய செய்யுளில் ‘நக்கு நின்றான்’ என்று இருந்தால் சிரித்து நின்றான் என்றும், ‘நக்கி நின்றான்’ என்று இருந்தால் நாவால் நக்கினான் என்றும் கொள்ள வேண்டும். இந்த ஒரு சோதனையை மாணவர்களிடம் சொல்லிவிட்டால், அடுத்த முறை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பயிற்சிக்கு ஓர் அடியும் தருகிறேன். ‘மாசில் வீணையும்’ என்று தொடங்கும் அப்பர் பதிகத்திலேயே, ‘பொக்கம் மிக்கவர் பூவும் நீரும் கண்டு நக்கு நிற்பன் அவர்தம்மை நாணியே’ என்று வருகிறது. பொய்ம்மை மிகுந்தவர்கள் கொண்டுவரும் பூவையும் நீரையும் பார்த்து, அவர்களுக்காகத் தான் நாணிச் சிரித்து நிற்பான் இறைவன் என்பது கருத்து. சோதனையை இங்கே பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாவால் நக்குவதைச் சொல்லும் வினையும் பழையதே என்பதையும், அது அக்காலத்தில் இழிசொல்லாக நடத்தப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஒரு கூச்சத்தை நீக்கி இன்னொன்றை வளர்த்தவர்களாவோம். கம்பர் தம் இராம காதையின் அவையடக்கத்தில், ஓசை மிகுந்த பாற்கடலை அடைந்த ஒரு பூனை அதை முழுவதும் நக்கிக் குடித்துவிடப் புகுந்ததைப் போலத் தாம் இக்கதையைச் சொல்லப் புகுந்ததாகக் கூறுகிறார். ‘ஒரு பூசை முற்றவும் நக்குபு புக்கென’ என்பது அவர் வாக்கு. பூசை என்றால் பூனை. ‘நக்குபு’ என்பது ‘செய்பு’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம். சிரித்தல் பொருளில் அது ‘நகுபு’ என்றே அமைந்திருக்கும். பக்கத்திலேயே ‘புகு’ இரட்டித்துப் ‘புக்கு’ என்று நிற்பதையும் கவனியுங்கள். நாம் பேசிய இரண்டு வினை வகைகளும் ஒரே அடியில் தோளோடு தோள் உரசி நிற்கின்றன; வகுப்பில் எழுதிக் காட்ட இதைவிடப் பொருத்தமான அடி எனக்குத் தெரியவில்லை.

உணவை உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என்று நான்காகப் பகுத்த மரபிலும் இச்சொல் இயல்பாகவே இடம்பெறுகிறது. மருந்துக் கடைகளில் விற்கும் இலேகியத்தின் பெயரும் அதே பொருளுடையது. வடமொழியில் நக்குதலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த ‘லேஹ்ய’ என்பதற்கு நக்கி உண்ணத்தக்கது என்று பொருள். இன்று ‘நக்கிப் பிழைப்பவன்’ என்பது வசையாக இருக்கிறது. ‘தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா’ என்ற பழமொழி சிறு கையாடலைக் கண்டும் காணாமல் விடுகிறது. இழிவு ஏறியது இத்தகைய வழக்குகளின் வழியாகத்தான். கேலியைக் குறிக்கும் ‘நக்கல்’ என்ற இன்றைய பேச்சுச் சொல்லை நான் ‘நகு’ குடும்பத்தில்தான் சேர்ப்பேன். ஒருவரைப் பார்த்து நகுவதுதானே நக்கல்?

தங்கள் நாடகம் சோழர் காலத்தது என்பதால் இன்னொன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் ஆடல் மகளிரின்) பெயர்கள் கல்வெட்டில் ‘நக்கன்’ என்ற முன்னொட்டோடு வருகின்றன. ஆடையற்றவன் என்று பொருள்படும் வடசொல்லின் திரிபான அது சிவனைக் குறிக்கும் பெயர். மேற்சொன்ன இரண்டு வினைகளோடும் அதற்கு உறவில்லை. நக்கீரருக்கும் இல்லை, அவர் பெயர் கீரர் என்பதன்முன் ‘ந’ என்னும் சிறப்புப் பொருள் தரும் எழுத்துச் சேர்ந்தது.

இனி உப்புக்கு வருவோம். ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்ற பழமொழியைக் கொண்டு அந்த வீரனின் வசனத்தை எழுதியிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். (‘உள்ளளவும்’ என்பதை உள்ளத்தின் அளவு என்று மாணவர்கள் நினைப்பதுண்டு, உயிர் உள்ள அளவும் என்பதே பொருள்.) வசனம் தவறு என்று சொல்லமாட்டேன், ஆனால் பழைய நூல்களில் உப்பு பெரும்பாலும் வேறு வேலைகளைச் செய்கிறது. வள்ளுவர் அதை அளவுக்கு உவமையாக்குகிறார். ‘உப்பமைந் தற்றால் புலவி’ என்ற குறளில், ஊடல் உணவில் உப்பைப் போல அளவோடு இருக்க வேண்டும், அதைச் சிறிது நீட்டித்தாலும் உப்பு மிகுந்தது போலாகிவிடும் என்கிறார். நல்குரவு அதிகாரத்திலோ, நுகரப் பொருளில்லாதவர்கள் முற்றத் துறக்காமல் இருப்பது அயலார் வீட்டு உப்புக்கும் கஞ்சிக்கும் எமன் என்கிறார். அங்கே உப்பு வறியவனின் கடைசி உணவு. நுகர்பொருளைக் குறிக்க அந்தக் குறள் ஆளும் ‘துப்புரவு’ என்ற சொல் இன்று தூய்மைப் பணிக்குப் பெயராகிவிட்டது. அரசனுக்காக உயிர் கொடுக்கத் துணிந்த வீரனின் வாயில் ‘செஞ்சோற்றுக் கடன்’ என்ற தொடரையே நான் வைப்பேன். கனம் அதில் கூடுதல்.

உப்புக்கு இன்பம், இனிமை என்ற பொருட்சாயலும் உண்டு. அகநானூற்றின் 390ஆம் பாடலில், ‘நெல்லும் உப்பும் நேரே, ஊரீர் கொள்ளீரோ’ என்று கூவி விற்கும் பெண்ணை வழிமறித்த தலைவன், ‘நின் மெய் வாழ் உப்பின் விலை எய்யாம்’ என்கிறான். உன் உடலில் வாழும் உப்பின் விலையை யாம் அறியோம் என்கிறானாம். பள்ளி நாடகத்துக்கு இது ஆகாது. வடமொழியிலும் உப்பைக் குறிக்கும் லவணத்திலிருந்துதான் அழகைக் குறிக்கும் லாவண்யம் பிறந்தது. தங்கள் வகுப்பில் லாவண்யா என்று ஒரு மாணவி இருந்தால் கேட்டு மகிழ்வாள்.

சம்பளத்தைப் பற்றிய வசனத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். சம்பா, அளம் என்று பிரித்துப் பொருள் கூறியவர்களில் தேவநேயப் பாவாணரும் ஒருவர். உப்பு விளையும் இடத்துக்கு அளம் என்று பெயர் இருப்பதால் அது கேட்க இனிமையாகவும் இருக்கிறது. வழிச்செலவுக்கான கட்டுச்சோற்றைக் குறிக்கும் ‘சம்பல’ என்ற வடசொல்லிலிருந்து வந்ததாகக் கொள்ளும் மற்றொரு கருத்தும் உண்டு. எது சரியானாலும், ஒரு போர்வீரன் மேடையில் நின்று சொல்லாராய்ச்சி செய்வது நாடகத்துக்குப் பொருந்தாது. அதிகாரிகளுக்கு வாழ்வூதியமாக விடப்பட்ட நிலத்துக்குக் கல்வெட்டுகளில் ‘சீவிதம்’ என்ற பெயர் இருக்கிறது. தங்கள் வீரன் பதவியில் உயர்ந்தவன் என்றால் அச்சொல்லே போதும்.

உப்பைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்றால், பழைய பாடல்களை நினைவூட்டும் வகையில் ஒரு காட்சியைச் சேர்க்கலாம். உப்பு வணிகர்க்கு உமணர் என்று பெயர். வரிசையாகச் செல்லும் அவர்கள் வண்டிகளுக்கு ஒழுகை என்று பெயர். உப்பு விளைவிப்போரை நற்றிணை ‘உழாஅ உழவர்’ என்கிறது. பாரி இறந்த பின் அவன் மகளிர் குப்பைமேட்டில் ஏறி நின்று எண்ணியவை உப்பு வண்டிகளே என்று கபிலர் பாடுகிறார். பாதி வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்காக உமணர் வண்டியின் அடியில் கட்டிவைக்கும் ‘சேம அச்சு’க்கு ஒரு தலைவனை ஒப்பிடுகிறார் ஔவையார். அந்த ஒரு பொருளையே மேடையில் ஒரு கழியைக் கட்டிக் காட்டிவிடலாம். கூவி விற்கும் மாணவனுக்குப் பட்டினப்பாலையின் ‘வெள்ளை உப்பின் கொள்ளை சாற்றி’ என்ற அடியைக் கொடுப்பதானால், அங்கே ‘கொள்ளை’ என்பது விலையைக் குறிக்கிறது என்பதை ஒத்திகைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையேல் அவன் கத்தியை உருவிக்கொண்டு வந்து நிற்பான்.